அளந்து வைத்த தீவு

ஆகஸ்டில் எண்ணியபோது
டோர்க்கிலுக்கு அறுநூற்றுப் பதினொன்று,
ஓய்ரிக்குக்கு அறுநூற்றுப் பதினாலு.
மூன்று ஆடுகளுக்காக இரவு முழுக்கச் சண்டை.
தகரக் கூரையில் மழை.
பாறை இடுக்கில் ஒளிந்தவை என்றாள் அவள்.
நீ இரண்டு தடவை எண்ணியவை என்றான் அவன்.

ஸ்காட்லாந்துக்கு மேற்கே, படகில் ஒன்பது மணி நேரம்.
மரம் கிடையாது. மேய்ப்பன் கிடையாது.
ஓநாய் கிடையாது.
யாரோ ஒரு காலத்தில் இறக்கிவிட்டுப் போன
பதினெட்டுப் பழுப்புச் செம்மறிகள்
முதல் கோடையில் காதுவரை புல்லில் நின்றனவாம்.
தின்னத் தின்னத் தீரவில்லை.
குட்டியாய் வந்தது மறு வருடம் குட்டி போட்டது.
பதினெட்டு முப்பதாகி, முப்பது ஐம்பதாகி,
ஐம்பது நூறானபோது யாரும் கவனிக்கவில்லை.
நூறு இருநூறானபோது
படகிலிருந்து பார்த்தவனுக்கு
மலையே நகர்வதாகத் தெரிந்தது.

வட்டி குட்டி போடும் என்கிறோம்.
கடன் பத்திரத்தில் கடல் வரைந்திருப்பதில்லை.
இங்கே நாலு பக்கமும் அதுதான்.

ஆட்டுக்கும் வாலை அளந்துதான் வைத்தானாம் ஆண்டவன்.
பசியை அளக்க மறந்திருக்கிறான்.
தீவை மட்டும் மறக்கவில்லை:
இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு
ஓய்ரிக்கின் நடையில் ஐம்பது நிமிடம்,
எதிர்காற்று என்றால் எழுபது.

ஓநாய் இல்லை என்றேனே, தவறு.
புல்தான் ஓநாய்.
குறையக் குறைய அதற்குப் பல் முளைக்கும்.
பாயாது, துரத்தாது.
எல்லா வயிற்றிலும் ஒரே சமயத்தில் வந்து உட்காரும்,
பிறகு மெதுவாகப் பொறுக்கும்:
முதலில் அந்த வருடத்துக் குட்டிகள்,
அடுத்து, நவம்பர் முழுக்கக் கொம்பு மோதிக்
கொழுப்பைக் கரைத்துவிட்ட கிடாக்கள்.

அக்டோபரில் டோர்க்கில் கேட்டிருந்தான்,
வைக்கோல் கொண்டுபோனால் என்ன?
எத்தனை கட்டு ஏறும் படகில், என்றாள்.
அறுபது.
எத்தனை நாள் வரும்?
அவன் விரலை மடக்கினான், பாதியில் நிறுத்தினான்.
பிழைத்ததெல்லாம் வசந்தத்தில் ஈனும், என்றாள்,
அடுத்த வருடம் படகு பத்தாது,
அதற்கடுத்த வருடம் கப்பல் பத்தாது.
சரி என்று அவன் சொல்லவில்லை.
வாதத்தில் தோற்றவன்போலவும் இல்லை.
கொட்டிலில் அடுக்கிய வைக்கோலை
அந்தக் குளிர்காலம் முழுக்க அவன் பார்க்கவே இல்லை.

மார்ச்சில் மறுபடி படகு.
இந்தத் தடவை பிணக் கணக்கு,
மை உறையும் என்பதால் பென்சில்.
கல்சுவர் ஓரம், காற்றுக்கு ஒதுங்கிய வாக்கிலேயே, ஏழு.
ஓடை வாயில் பதினொன்று.
கூரை போன பழைய வீட்டுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக,
நாற்பதைத் தாண்டியதும் ஓய்ரிக் வெளியே வந்து
கடலைப் பார்த்து நின்றாள்.
தாடையைத் திறந்து பல்லில் வயது பார்க்க வேண்டும்.
ஒன்றின் வயிற்றைத் திறந்தான் டோர்க்கில்.
பாசி, காய்ந்த தண்டு, மண்.
நிறைந்த வயிறு.
நிறைந்தபடியே பட்டினி.

நெல் அளக்கிறவர்கள் என் மொழியில்
ஒன்று என்பதற்கு லாபம் என்று சொல்வார்கள்.
இதை ஓய்ரிக்கிடம் சொல்லும் வாய்ப்பு எனக்கில்லை.
இருந்தாலும் சொல்ல மாட்டேன்.
முதலாவதுக்கு அவள் ஒரு கோடு போட்டாள்.
ஐந்தாவதுக்கு அதன்மேல் குறுக்கே ஒன்று.

முந்நூற்று எண்பத்திரண்டு.
இந்த முறை இருவருக்கும் ஒரே எண்.
செத்தவை பாறைக்குப் பின்னால் ஒளிவதில்லை.

கிளம்புகிற அன்று காலை
விலா எலும்பு எண்ணத்தக்க ஒரு பெட்டை
பனியில் ஈன்று நக்கிக்கொண்டிருந்தது.
ஒற்றைக் குட்டி.
ஒரு குளிர்காலம் தாங்கினால் போதும்,
காதுவரை புல், பங்குக்கு ஆள் குறைவு.
டோர்க்கில் தொப்பியைக் கழற்றி, உடனே போட்டுக்கொண்டான்,
குளிர்.

படகில் ஓய்ரிக் கழித்துப் பார்த்தாள்.
உயிரோடு இருநூற்று முப்பத்திரண்டு என்றாள்.
இருநூற்று இருபத்தொன்பது என்றான்.
அந்த மூன்று ஆடுகள்
எங்கே மேய்கின்றனவோ.